மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய வாம்பயர்: காவலுக்குச் சென்ற கப்பல் ஏன் காக்கவில்லை?

கல்குடாவில் சுழியோடிகள் சொன்ன கதையிலிருந்து நீங்கள் எழுப்பியிருக்கும் கேள்வி, என் புரிதலில், இரண்டு பகுதி கொண்டது. 1942 ஏப்ரலில் ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தபோது, உடன் சென்ற வாம்பயர் என்ற நாசகாரிக் கப்பல் அதைக் காக்காமல் தப்பியோடப் பார்த்ததா என்பது நீங்கள் வெளிப்படையாகக் கேட்டது. காவலுக்கென்றே அனுப்பப்பட்ட ஒரு போர்க்கப்பல் கால்மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் போனது எப்படி என்பது அதற்குள் மறைந்திருக்கும் கேள்வி. முதற்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை உண்டு: இல்லை. இரண்டாவதற்குத்தான் நீண்ட விளக்கம் தேவைப்படுகிறது. நான் கடற்படையில் பீரங்கிப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன்; சுழியோடி அல்லன், ஆவணக் காப்பகங்களில் வாழ்ந்த வரலாற்றாசிரியனும் அல்லன். ஆகவே பீரங்கியையும் குண்டையும் பற்றிச் சொல்வதை என் தொழில் அறிவாகவும், தேதிகளையும் எண்ணிக்கைகளையும் பற்றிச் சொல்வதை அச்சேறிய பதிவுகளைப் படித்தவனின் கூற்றாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர் தரும் மயக்கத்தை நீக்கிவிடலாம். நாசகாரி என்றதும் எதிரே வரும் எதையும் அழித்துவிடும் கப்பல் என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பெரிய போர்க்கப்பல்களை நெருங்கி டார்பிடோ என்ற நீருக்கடியில் பாயும் வெடிகணையை ஏவிவிட்டு ஓடும் சிறு படகுகளை விரட்டி அழிப்பதற்காகக் கட்டப்பட்ட சற்றே பெரிய படகுதான் இது. அழிக்க வேண்டிய பொருளின் பெயர் காலப்போக்கில் உதிர்ந்து, அழிப்பது என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. தகடு மெல்லியது, கவசம் கிடையாது. வேகமும் டார்பிடோவுமே அதன் பலம்.

வாம்பயர் அந்த மரபில் முதல் உலகப் போரின் நடுவே பிறந்தது. இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள கவ்ஸ் துறையில் ஜே. சாமுவேல் ஒயிட் நிறுவனம் அதைக் கட்டியது. வாலஸ் என்ற பெயரோடு தொடங்கப்பட்டுப் பிறகு வாம்பயர் என்று மாற்றப்பட்ட அந்தக் கப்பல் 1917 மே 21 அன்று நீரில் இறக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் பணியில் சேர்ந்தது. நீளம் சுமார் 95 மீட்டர். கட்டிய காலத்து வேகம் மணிக்கு 34 கடல் மைல். நான்கு அங்குல விட்டமுள்ள பீரங்கிகள் நான்கு. 1933இல் பிரிட்டன் இதையும் ஸ்டுவர்ட், வெண்டெட்டா, வாயேஜர், வாட்டர்ஹென் ஆகிய நான்கு பழைய கப்பல்களையும் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைத்தது. எனவே ஆங்கிலேயர் கப்பலா, ஆஸ்திரேலியர் கப்பலா என்று நண்பர்கள் வாதிட்டால், ஆங்கிலேயர் கட்டியது, மூழ்கிய நாளில் ஆஸ்திரேலியக் கடற்படையின் கொடியைத் தாங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம்.

1939இல் போர் வந்ததும் ஐந்து கப்பல்களும் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டன. ஜெர்மானியப் பிரசாரம் அவற்றைப் பழைய இரும்பு என்று ஏளனம் செய்ததாகவும், ஆஸ்திரேலிய மாலுமிகள் அந்த வசையையே விருதாக எடுத்துக்கொண்டு தங்களைப் பழைய இரும்பு அணி என்று அழைத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். வசையை முதலில் உதிர்த்தவர் யார் என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு, பெயர் நிலைத்தது மட்டும் உண்மை. 1940 ஜூலை 9 அன்று தென் இத்தாலியிலுள்ள கலாப்ரியாவுக்கு அப்பால் இத்தாலியக் கடற்படையோடு நடந்த மோதலில் வாம்பயர் இருந்தது. அங்கிருந்து திரும்பும் வழியில் நடந்த விமானத் தாக்குதலில் குண்டுச் சில்லு பட்டு அதன் அதிகாரி ஒருவர் இறந்தார். பிறகு லிபியக் கரையோரப் பணிகள், 1941 ஏப்ரலில் கிரேக்கத்திலிருந்து படைகளை மீட்டல், முற்றுகையிலிருந்த லிபியத் துறைமுகமான டோப்ருக்குக்குச் சரக்கும் ஆளும் கொண்டுசெல்லுதல் என்று ஓய்வில்லாமல் ஓடித் தேய்ந்த இயந்திரங்களோடு, அவ்வாண்டு மே மாத இறுதியில் பழுதுபார்ப்புக்காகச் சிங்கப்பூரை நோக்கிப் புறப்பட்டது.

மத்தியதரைக் கடலில் அத்தனை விமானத் தாக்குதல்களைத் தாண்டி வந்த கப்பல் மட்டக்களப்பில் ஏன் தாண்டவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். இது நியாயமான ஐயம். இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. இத்தாலிய விமானங்கள் பெரும்பாலும் மிக உயரத்தில் சமமாகப் பறந்து குண்டு போட்டன. மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து விடுபட்ட குண்டு நீரைத் தொட ஏறத்தாழ 27 வினாடி ஆகும். குண்டு விடுபடுவதைத் தொலைநோக்கியில் பார்த்துச் சுக்கானைத் திருப்பினால், 30 கடல் மைல் வேகத்தில் ஓடும் கப்பல் அந்த நேரத்தில் நானூறு மீட்டர் நகர்ந்துவிடும். குண்டு வெறும் நீரில் விழும். பாய்ந்து குண்டு வீசும் விமானத்தின் கதை வேறு. அது அறுபது பாகைக்கும் மேற்பட்ட சரிவில் கப்பலை நோக்கியே விழுந்து, சுமார் ஐந்நூறு மீட்டர் உயரத்தில் குண்டை விடுகிறது. அந்தக் குண்டு ஏற்கெனவே விமானத்தின் வேகத்தைப் பெற்றிருப்பதால் நாலைந்து வினாடிகளில் வந்து சேர்கிறது. அந்த நாலைந்து வினாடியில் கப்பல் தன் நீளத்தைக்கூடக் கடக்க முடியாது. இதே பழைய இரும்பு அணியின் வாட்டர்ஹென் 1941 ஜூன் இறுதியில் டோப்ருக் ஓட்டத்தின்போது மூழ்கியதும் பாய்ந்து குண்டு வீசும் விமானங்களால்தான்.

பீரங்கியைக் கொண்டு எதிர்த்திருக்கலாமே என்றால், அங்கேதான் 1917ஆம் ஆண்டு குறுக்கே நிற்கிறது. வாம்பயரின் நான்கு அங்குலப் பீரங்கிகள் கடல்மட்டத்திலுள்ள கப்பல்களைச் சுடுவதற்காக அமைக்கப்பட்டவை. அவற்றின் குழாயை 30 பாகைக்கு மேல் உயர்த்த இயலாது. தலைக்கு நேர் மேலிருந்து வரும் விமானத்தை அவற்றால் குறிவைக்கவே முடியாது. தன்மீது பாயும் விமானத்தை விட்டுவிடுவோம், பக்கத்துக் கப்பல்மீது பாயும் விமானத்தைச் சுடலாமே என்று எங்கள் பயிற்சிப் பள்ளியில் நானே கேட்டிருக்கிறேன். அதற்கு ஆசிரியர் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தை 30 பாகைக் குழாயால் எட்ட வேண்டுமானால், சுடும் கப்பல் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு தள்ளி நின்றால் சிறு பீரங்கிகளுக்கு எட்டாது, பெரிய பீரங்கியின் குண்டு போய்ச் சேர்வதற்குள் பாய்ச்சலே முடிந்திருக்கும். அருகில் நின்றால் பீரங்கி நிமிராது, விலகி நின்றால் பயன்படாது. மிஞ்சியவை பாம்பாம் எனப்பட்ட சிறு பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கிகளும்தான். வினாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் இறங்கும் விமானம் அவற்றின் பயனுள்ள எல்லைக்குள் இருப்பது பத்துப் பன்னிரண்டு வினாடி.

கீழை நாடுகளில் வாம்பயர் கழித்த கடைசி நான்கு மாதங்களைப் பார்த்தால், வானத்தை எதிர்கொள்ள முடியாத இந்தக் குறை திரும்பத் திரும்ப வெளிப்படுவதைக் காணலாம். 1941 டிசம்பர் 8 மாலை பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெருங்கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டபோது, துணை சென்ற நான்கு நாசகாரிகளில் வாம்பயரும் ஒன்று. மற்றவை எலக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனடோஸ். டிசம்பர் 10 நண்பகலில் தென்சீனக் கடலில் ஜப்பானிய விமானங்கள் இரு பெருங்கப்பல்களையும் ஒரு மணி நேர இடைவெளிக்குள் மூழ்கடித்தன. எண்ணூற்று நாற்பது பேர் இறந்தனர். நாசகாரிகளால் செய்ய முடிந்தது நீரிலிருந்தவர்களைத் தூக்குவது மட்டும்தான். வாம்பயர் 225 பேரைக் கரைசேர்த்தது. அவர்களில் பெரும்பாலோர் ரிபல்ஸின் மாலுமிகள். மூழ்கியவை எத்தனை கவசம் பூண்டிருந்தாலும் மேலே தம் பக்கத்து விமானம் ஒன்றுகூட இல்லை என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

அதற்கு அடுத்த மாதம், ஒரே ஒருமுறை, அது தான் பிறந்த தொழிலைச் செய்தது. மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள எண்டாவில் ஜப்பானியர் தரையிறங்குவதைத் தடுக்க, 1942 ஜனவரி 27 அதிகாலை இருட்டில் வாம்பயரும் தேனட் என்ற இன்னொரு பழைய நாசகாரியும் எதிரிக் கப்பல்களின் நடுவே நுழைந்தன. டார்பிடோக்கள் ஏவப்பட்டன, எதுவும் இலக்கில் படவில்லை. நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல் வகையான க்ரூசரில் ஒன்றான ஜப்பானிய செண்டாயும் நாசகாரிகளும் தேனட்டை மூழ்கடித்தன. வாம்பயர் புகைத்திரை விட்டுச் சுட்டுக்கொண்டே தப்பி வந்தது. கோழை என்ற பழியை இந்தக் கப்பல்மீது யாராவது சுமத்தினால், எண்டாவுக்குள் இரண்டே கப்பல்களாக நுழைந்த அந்த இரவை நான் எடுத்துக்காட்டுவேன். அதன் தலைவர் கமாண்டர் வில்லியம் மொரன், மட்டக்களப்பிலும் அவரே.

இனி அந்த ஏப்ரல். ஐந்து விமானந்தாங்கிகளோடு ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை வங்காள விரிகுடாவுக்குத் தெற்கே வந்து, ஏப்ரல் 5 அன்று, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கியது. துறைமுகத்தில் மூழ்கியவற்றில் டெனடோஸ் ஒன்று. அன்று பிற்பகலிலேயே கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு கனரக க்ரூசர்கள் பாய்ந்து குண்டு வீசும் விமானங்களால் இருபது நிமிடம்போல் நீடித்த தாக்குதலில் மூழ்கின. நானூறுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். பத்தாயிரம் டன் எடையும் விமான எதிர்ப்புப் பீரங்கி வரிசையும் கொண்டவற்றுக்கே அந்தக் கதி. அந்நாட்களில் சென்னையிலேயே மக்கள் ஊரைக் காலிசெய்து உள்நாட்டுக்கு ஓடினார்கள். என் பாட்டனார் குடும்பமும் அப்படித்தான் மாட்டுவண்டியில் ஊர் திரும்பியது.

ஹெர்மீஸ் அப்போது மடகாஸ்கர் படையெடுப்புக்கு ஆயத்தமாவதற்காகத் திருகோணமலையில் இருந்தது. அதன் விமானங்கள் கரையில் இறக்கப்பட்டிருந்தன. ஏப்ரல் 8 அன்று ஜப்பானியப் படை திருகோணமலையை நோக்கி வருவது தெரிந்ததும், துறைமுகத்துக்குள் சிக்கிக்கொள்ள வேண்டாம் என்று ஹெர்மீஸும் வாம்பயரும் வேறு சில கப்பல்களும் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டுக் கரையோரமாகத் தெற்கே அனுப்பப்பட்டன. அந்த முடிவு தவறில்லை என்பது என் கருத்து. மறுநாள் காலை திருகோணமலை உண்மையிலேயே கடுமையாகத் தாக்கப்பட்டது. தவறு, விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு விமானந்தாங்கியைக் கடலுக்கு அனுப்பியதில் இருந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. ஹெர்மீஸின் விமானங்கள் சுவார்ட்ஃபிஷ் என்ற இரட்டை இறக்கை டார்பிடோ விமானங்கள். அவை இருந்திருந்தாலும் ஸீரோ என்ற ஜப்பானியப் போர்விமானங்களை எதிர்த்து ஒரு கைகூட நீட்டியிருக்க முடியாது, எரிபொருளும் வெடிமருந்துமாகத் தளத்தில் நின்று தீக்கு இரையாகியிருக்கும்.

ஏப்ரல் 9 காலை ஒன்பது மணியளவில் ஜப்பானிய உளவு விமானம் ஒன்று அவற்றைக் கண்டுகொண்டது. கப்பல்கள் திருகோணமலையின் போர்விமானக் காவலுக்குள் வந்துவிட வடக்கே திரும்பின. அந்தக் காவலோ காலைத் தாக்குதலில் நொறுங்கிக் கிடந்தது. ஃபுல்மார் என்ற பிரிட்டிஷ் போர்விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மீஸ் நீருக்கு அடியில் இருந்தது. சுமார் 10.35 மணிக்கு மேலிருந்து பாய்ச்சல் தொடங்கியது. புறப்பட்ட பாய்ந்து குண்டு வீசும் விமானங்கள் எண்பத்தைந்து என்பது பெரும்பாலான நூல்களின் கணக்கு. ஹெர்மீஸில் விழுந்த குண்டுகளை ஆங்கிலேயர் நாற்பது என்றும் ஜப்பானியர் முப்பத்தேழு என்றும் சொல்கின்றனர். தீப்பிடித்துப் புகைமூடிய தளத்தில் யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லையாதலால் இந்த இலக்கங்களை நான் உறுதியாகப் பற்றிக்கொள்வதில்லை. பத்து நிமிடத்தில் கப்பல் செயலிழந்தது, இருபது நிமிடத்தில் மூழ்கியது என்பவை உறுதி. தலைவர் ரிச்சர்ட் ஆன்ஸ்லோவோடு முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

வாம்பயர் இதன் பிறகுதான் முழு இலக்காயிற்று. ஹெர்மீஸ் சாய்ந்துகொண்டிருக்கையில் மேலே மிச்சமிருந்த விமானங்களில் சுமார் பதினாறு இதன் பக்கம் திரும்பின. முதலில் அருகில் விழுந்த குண்டுகள் நீர்த்தூண்களை எழுப்பின. அடுத்து நாலைந்து குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. கப்பல் நின்றது, கைவிடும்படி மொரன் ஆணையிட்டார், மிதவைகள் விலகிக்கொண்டிருக்கையில் மேலும் குண்டுகள் விழுந்து கப்பல் இரண்டாக உடைந்தது. முன்பாதி உடனே போயிற்று. பின்பாதி சிறிது நேரம் மிதந்து, வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததும் பதினோரு மணியைத் தாண்டிய சில நிமிடங்களில் மூழ்கியது. மொரன் திரும்பவில்லை. இறந்தோர் அவரையும் சேர்த்து எட்டு என்று சில பதிவுகளும் ஒன்பது என்று சிலவும் கூறுகின்றன; இத்தகைய வேறுபாடு பெரும்பாலும் பின்னர் காயத்தால் இறந்தவரைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் எழுவது. இரு கப்பல்களும் எதிரி விமானங்களில் எத்தனையை வீழ்த்தின என்பதில் இரு தரப்பு எண்களும் ஒத்துப்போகவில்லை. போர் முடிந்த எந்தக் கடற்படையிலும் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்னவை உண்மையில் விழுந்தவற்றைவிட அதிகமாகவே இருக்கும் என்பதால், எந்த எண்ணையும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தப்பியோடப் பார்த்ததா என்ற கேள்விக்கு இனி நீங்களே விடை சொல்லிக்கொள்ளலாம். ஹெர்மீஸ் மூழ்கும்போது வாம்பயர் அதன் அருகிலேயே இருந்தது, அடுத்த சில நிமிடங்களில் அதே கடலில் மூழ்கியது, அதன் தலைவர் அங்கேயே இறந்தார். நீரில் தத்தளித்த ஹெர்மீஸ் மாலுமிகளை அது ஏன் தூக்கவில்லை என்று உங்கள் நண்பர் கேட்டிருக்கிறார். ரிபல்ஸின் ஆட்களைத் தூக்க முடிந்தது ஜப்பானிய விமானங்கள் அன்று நாசகாரிகளை விட்டுவிட்டுத் திரும்பியதால், இங்கோ விட்டுவிடவில்லை. இன்னும் நான்கைந்து நாசகாரிகள் உடனிருந்திருந்தால் என்ற கேள்விக்கு உறுதியான விடை யாரும் தர முடியாது. இதே வகைக் கப்பல்களாக இருந்திருந்தால் மூழ்கியவற்றின் பட்டியல்தான் நீண்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஹாலிஹாக் என்ற காவல் கப்பலும், ஆதல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் அன்று அதே விமானங்களுக்கு இரையாயின.

இரு கப்பல்களிலிருந்தும் ஏறத்தாழ அறுநூறு பேரை வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் தூக்கிக்கொண்டது. சிலர் நீந்தியே கரைசேர்ந்தார்கள். வீட்டா நம் முன்னோர் பி.ஐ. கம்பெனி என்று அறிந்த பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல். அதற்கு ஓராண்டு முன்பு, 1941 ஏப்ரலில், டோப்ருக்குக்கு வெளியே குண்டுபட்டு அது தத்தளித்தபோது அதன் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு காத்தது வாம்பயரின் உடன்பிறப்பான வாட்டர்ஹென்.

கடைசியாக, உங்கள் கேள்வியோடு இணைத்திருக்கும் படம் இந்தக் கப்பல் அன்று. அது 1959இல் பணியில் சேர்ந்து, இப்போது சிட்னியில் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கும் இரண்டாவது வாம்பயர். மூழ்கியதன் பெயரைத் தாங்கிய பின்னோன். பீரங்கிகளைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். படத்திலுள்ளதில் மூடிய கூண்டுக்கு இரண்டு குழாய் வீதம் மூன்று கூண்டுகள் இருக்கின்றன; மட்டக்களப்பில் கிடப்பதில் திறந்த மேடைக்கு ஒரு குழாய் வீதம் நான்கு. சுழியோடிகள் வழக்கமாக இறங்கிப் பார்க்கும், ஐம்பது மீட்டருக்கும் சற்று அதிக ஆழத்தில் கிடக்கும் பெரிய சிதைவு ஹெர்மீஸினுடையது. அதை வாம்பயர் என்று யாராவது காட்டினால், நீளத்தைக் கேளுங்கள். ஹெர்மீஸ் 180 மீட்டருக்கும் மேல். வாம்பயர் அதில் பாதியைச் சற்றே தாண்டும், அதுவும் இரண்டு துண்டாக.